இருநூறு லிட்டர் கடன்

பணமாகத் தர முடியாதென்று
டீசலாகத் தந்தான் காசிமாயன்.
செக்கானூரணி மில்லுக்கு வங்கி பூட்டுப் போட்ட பிறகு
பின்பக்கக் கொட்டகையில், சாக்குக்கு அடியில்
மீந்து கிடந்த ஒரே டிரம்.
"வட்டியும் முதலுமா எடுத்துக்கங்க மதினி."

கரண்ட் இல்லாத அந்த வருசம்
ஜெனரேட்டருக்கென்று வாங்கியது.
விலையை அன்றைக்கே சாக்பீஸில் எழுதியிருக்கிறான்:
48.60
எனக்கு முதலில் லாபக்கணக்குத்தான் ஓடியது.
அப்புறம்தான் வளையல் ஞாபகம்,
அடகிலிருந்து திரும்பாத இரண்டும்
இந்தத் தகரத்துக்குள்தான் கரைந்திருக்க வேண்டும்.

மூடியைத் திறந்தால் டீசல் வாடையே இல்லை.
மழையில் ஊறிய வார்னிஷ் கதவு மாதிரி ஒன்று.
நிறம், அடுப்பில் மறந்துவிட்ட கடுங்காப்பி.

ஜெய்லானி பாய் போனில் சொன்னார்:
"குவார்ட்டர் பாட்டில்ல பிடிச்சு
ராத்திரி பூரா அசைக்காம வை.
காலையில பாட்டிலே பேசும்."

பேசியது.
அடியில் ஒரு விரல் தண்ணீர்.
அதற்கு மேல் சளி மாதிரி ஒரு பழுப்பு ஏடு.
உச்சியில் டீசல்,
கீழ்வீட்டுக்காரர்களைத் தெரியவே தெரியாதது போல.

"புது மாடல் வண்டின்னா தொடாதேம்பேன்.
உன் 407 எருமை. கலந்து குடு, குடிக்கும்.
ஒரு பங்குக்கு மூணு பங்கு புதுசு.
மாத்து ஃபில்டர் இல்லாம ரோட்டுக்கு வராதே."

என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டியில் வடிகட்டினேன்.
கேட்கவில்லை. அவர் தேடவுமில்லை.
வேட்டி ஏட்டைப் பிடித்தது.
தண்ணீரைப் பிடிக்க வேட்டிக்குத் தெரியாது.
வண்டிவரை டிரம்மை உருட்டி வந்ததில்
மேல்வீடும் கீழ்வீடும் ஒரே குடித்தனமாகியிருந்தது.

அப்புறம்
ஆசைப்பட்டேன்.
மூன்று பங்கு என்றதை ஒரு பங்காக்கினேன்.
முப்பது பழசு, முப்பது புதுசு.

விடியுமுன் கருமாத்தூரில் நூற்றுப்பத்து கேன் ஏற்றி
பல்கலை நகர் தாண்டும்வரை ஒரு குறை சொல்லவில்லை வண்டி.
நாகமலைப் புதுக்கோட்டையில்
ஒரு விக்கல்.
பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால்
வேறு யார் வண்டியையோ மிதிப்பது போல.
பிறகு அதுவுமில்லை.

முதுகில் இரண்டாயிரத்து இருநூறு லிட்டர் தண்ணீர் சுமந்து வந்தது
வயிற்றில் ஒரு மடக்குத் தண்ணீருக்கு நின்றுவிட்டது.
சிரித்தேன்.
பின்னால் வந்த உசிலம்பட்டி பஸ்காரன் சிரிக்கவில்லை.

கழற்றிய ஃபில்டருக்குள் ஆறிப்போன கறுப்பு அல்வா.
புதுசை மாட்டி, நட்டைத் தளர்த்தி,
கட்டைவிரலால் பம்பை அழுத்த அழுத்த
நுரை, நுரை, கொஞ்சம் காற்று,
தவணை சொல்கிற காசிமாயன் வாய் மாதிரி.
எண்ணவில்லை, இருநூறு தடவை இருக்கும்.
ஒரு வழியாக நூல் பிடித்தாற்போல் டீசல்.
சாவியைத் திருகினேன்.
வெள்ளைப் புகையில்
நாகமலையை ஒரு நிமிடம் காணவில்லை.

காளவாசலுக்கு ஒன்றேகால் மணி தாமதம்.
மூன்றாம் மாடி அம்மாள் கேனை முகர்ந்து பார்த்து
"என்னங்க, தண்ணியில டீசல் வாடை அடிக்குது?"
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
டீசலில் தண்ணீர் இருந்த கதையை
அவளிடம் எங்கே ஆரம்பிப்பது.

ராத்திரி குச்சி விட்டு அளந்தேன்.
அடியைக் கொட்டினால் நூற்றறுபது தேறும்.
பாய் சொன்ன கணக்குப்படி
அதைச் செலவழிக்க
நானூற்றெண்பது லிட்டர் நான் காசு போட்டு வாங்க வேண்டும்.

காசிமாயனுக்குப் போன் போட்டேன்.
அடித்து அடித்து ஓய்ந்தது.
சாக்பீஸ் தேடி எடுத்து
48.60க்குக் கீழே
வரவு 30 என்று எழுதி வைத்தேன்.