ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே

செண்டாய்க்கு மாற்றலாகி வந்த மூன்றாம் இரவு
சிசுரு அந்தத் தேயிலை டப்பாவை வெளியே எடுத்தாள்.
உள்ளே ஆம்ப்: இரண்டு சிப், ஒரு மின்மாற்றி,
நோரிதகேயோடு ஒசாகாவில்
நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பற்றவைத்தது.

ஹெட்போனை மாட்டினாள்.
பாட்டு எதுவும் போடவில்லை.
ம்ம்ம்ம்.

அங்கேயும் இரைந்ததுதான்.
ஆனால் இது அந்த இரைச்சல் இல்லை.
காது பரிசோதிக்கும் கூடத்தில் ஒன்பது வருட வேலை,
எண்ணைக் காதாலேயே சொல்வாள்:
ஐம்பது.

ஆற்றுக்கு மேற்கே மின்சாரம் நொடிக்கு அறுபது சுற்று,
கிழக்கே ஐம்பது.
அந்தக் காலத்தில் ஒசாகாவுக்கு அமெரிக்க எந்திரம் வந்தது,
டோக்கியோவுக்கு ஜெர்மன் எந்திரம்.
அதோடு சரி,
இன்றுவரை யாரும் யாருக்கும் இறங்கி வரவில்லை.
அவளுடைய இரைச்சல்தான்
இறங்கி வந்திருந்தது.

ஐம்பதைக் குரல் என்று வைத்தால்
அறுபது கைக்கிளை.
பழந்தமிழ் இசையில் மூன்றாம் சுரத்தின் பெயர் அது.
ஒருதலைக் காதலுக்கும் அதே பெயர்.
சிசுருவுக்கு இது தெரியாது.
தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

‘இங்கே ஐம்பது’ என்று செய்தி அனுப்பினாள்.
மறுநாள் மதியம் பதில் வந்தது:
‘அது அறுபதுக்குச் செய்த மின்மாற்றி. சூடாகும். பார்த்துக்கொள்.’
வீடு எப்படி, பனி விழுகிறதா,
ஒன்றும் இல்லை.
தொட்டுப் பார்த்தாள்.
சூடாகத்தான் இருந்தது.

சரியான மின்மாற்றி ஒன்று வாங்கி வந்து மாட்டினாள்.
சூடு போனது. ம்ம்ம்ம் போகவில்லை.

நூறு என்றால் வடிகட்டி போதவில்லை,
ஐம்பது என்றால் எர்த் எங்கோ வட்டமடிக்கிறது.
இது அவன் சொன்ன பாடம் அல்ல,
இருவரும் சண்டை போட்டுக் கண்டுபிடித்தது.
ஒலியைக் குறைத்தாள், இரைச்சல் குறையவில்லை.
ஏ.சி. ஒயர்களைப் பின்னலாய் முறுக்கினாள்.
மின்மாற்றியைக் கால்வட்டம் திருப்பிவைத்தாள்.
டப்பாவின் மேல் விரல் வைத்தாள்,
பாதியானது.
எடுத்தாள், முழுசாய் வந்தது.

விரலை வைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் கேட்பது?
அப்படியும் இசைத்தட்டின் ஒரு பக்கம்
முழுக்கக் கேட்டாள்.

ஏழாவது இரவு, பூதக்கண்ணாடியில் தெரிந்தது.
உள்ளீட்டிலிருந்து ஒலித்திருகுக்குப் போகும் ஒயர்.
அதன் பின்னல் உறை
அந்த முனையிலும் பற்றவைத்திருக்கிறது,
இந்த முனையிலும்.
கறுப்பு ஒயர் ஏற்கனவே வீடு கொண்டுசேர்க்கிறது,
இது இரண்டாவது வழி.
இரண்டு வழியில் வீடு திரும்புகிற மின்சாரம்
வீடு சேர்வதில்லை, சுற்றிச் சுற்றி முனகுகிறது.

எப்படி நேர்ந்தது என்பதும் தெரிந்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.
ஒரே ஒயரின் ஆளுக்கொரு முனை.
மற்றவர் விட்டிருப்பார் என்று இருவரும்
விடாமல் பற்றவைத்த ஒரு சாயங்காலம்.

ஒரு முனையை வெட்டவேண்டும்.
எந்த முனை என்றாலும் சரி, கணக்குக்கு வித்தியாசமில்லை.
கத்தரி முதலில் அவன் பக்கம்தான் போனது.
அவன் ஈயம் கூம்பாய், பளபளவென்று.
அவளுடையது சாம்பல் நிறத்தில், ஆறும்போது ஆடிய கை.
நல்ல பற்று எதுவோ அது இருக்கட்டும்.

டக்.

முனகல் நின்றது என்பதே
பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டி கேட்ட பிறகுதான் உறைத்தது.
(அதுவும் ஐம்பது.)

அவனுக்குச் சொல்ல போனை எடுத்தாள். வைத்தாள்.
பிறகு சுருங்கு குழாயில் ஒரு விரற்கடை நறுக்கி,
வெட்டிய தன் முனைக்கு மட்டும் மாட்டி,
லைட்டரால் இளஞ்சூடு காட்டினாள்,
தவறியும் அது
எதையும் தொட்டுவிடாதபடி.