எட்டாவது பல்துலக்கி

விடுதிப் பட்டியலில் என் பெயர் இருந்தது,
அறை நாற்பத்திரண்டு, மேல் கட்டில்.
எட்டிப் பார்த்தேன்:
நான்கு பேருக்கான அறையில்
ஏழு பல்துலக்கிகள்.
வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டேன்.

குமாசியில், அயெதுவாசே சந்தைக்குப் பின்னால்
தனியறை. தனிச் சாவி.
ஓராண்டு வாடகை மொத்தமாக முன்பணம் என்றார்
திரு. பொவாட்டெங்.
மீன் வைக்கும் குளிர்பெட்டியை அம்மா விற்றாள்.
வேறு வாங்கிக்கொள்ளலாமாம்.
எப்போது என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் இரவு கதவைப் பூட்டினேன்,
திறந்தேன், மறுபடி பூட்டினேன்,
அவ்வளவு பிடித்திருந்தது.

இரண்டாம் வாரம் மின்சாரம் போனது.
பிறகு தண்ணீர்.
பிறகு ஒரு நள்ளிரவில் யாரோ ஜன்னலைத் தட்டி,
"மன்னிக்கணும், வேற ஜன்னல்" என்று
மரியாதையாகப் போனார்.
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நூலகம் மூடும் நேரத்தில்
அந்தப் பக்கம் ட்ரோட்ரோ கிடையாது.
நாற்பத்திரண்டின் கதவைத் தட்டினேன்.
தேதே ஒன்றும் கேட்காமல்
சுவரோடு ஒட்டிப் படுத்தாள்.

இப்போது மேல் கட்டில் ஜிஃபாவுடையது.
"வெளியே அறை எடுத்தவங்க எல்லாம்
இங்கே வந்து விழுந்தா எப்படி?"
என்கிறாள் கூரையைப் பார்த்து.
நியாயம்தான்.
அது என் கட்டில் என்று
நான் சொல்லவேயில்லை.

அயெதுவாசேயில் என் பெட்டி
தனியாகக் கால்நீட்டித் தூங்குகிறது,
இன்னும் ஏழு மாத வாடகையோடு.

ஞாயிறுதோறும் அம்மா கேட்கிறாள், அறை எப்படி?
தேதேயின் குதிகாலை
மூக்கிலிருந்து மெல்ல நகர்த்திவிட்டு
நல்ல காற்றோட்டம் என்கிறேன்.
அதுவும் பொய்யில்லை.