ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

மூன்று வருடத்தில் பட்டம் கைக்கு வந்துவிடும்.
நாலாவது, நாமாகக் கேட்டு வாங்குவது.
இதை அப்பாவுக்கு விளங்கவைக்க
மண்டபம் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நடந்தும் போதவில்லை.
"ஆனர்ஸ்னா?"
"இன்னும் கொஞ்சம் ஆழமாப்பா."
விசைப்படகு ஓட்டுகிறவர். ஆழம் என்றால்
எத்தனை பாகம் என்று கேட்பார்.
கேட்டார்.

பத்தாயிரம் சொல்லில் ஆய்வேடு,
ஒன்றேகால் மணி நேரம் மேடை,
இரண்டுக்கும் கெடு ஜூன் இருபது.
மீனலோசனி மேடம் கடிதத்தின் கடைசியில்
தனியாக ஒரு பத்தி:
ஐந்து கட்டையில் பெட்டியை வைத்தால் ஏறி நிற்கிறாய், வின்சி,
ஐந்தரையில் வைத்தால் இறங்கி நிற்கிறாய்.
திமிரா, பழக்கமா?
அளந்து எழுது.

ஊருக்கு வந்தபோது தடைக்காலம் பிறந்து ஒரு வாரம்.
வடக்குத் துறையில் படகுகள் அடிவயிறு காட்டிக் கிடந்தன,
பெயின்ட் வாசம் தெருவரை.
அப்பா இரவில் தூங்கப் பழகிக்கொண்டிருந்தார்.
நாலரைக்கு எழுந்து 'ஸா' என்றேன்.
கால் வைத்த இடத்தில் படி இல்லை.
மறுநாளும் இல்லை.
சளி என்று அம்மா மிளகு தட்டினாள்.
சகானாவை எடுத்தால் அது எங்கெங்கோ போய்
யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டுத் திரும்பியது.

நாலாம் நாள் கொடியில் துணி போடும்போதுதான்
பின்சுவர் பேசவில்லை என்பது காதில் விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி.
நான் பிறந்த வருடம் போட்ட மோட்டார்.
படகு போனால்தான் ஐஸ், ஐஸ் போனால்தான் மோட்டார்.
இபுறாம்சாவிடம் போய், "அஞ்சு நிமிஷம் ஓட விடுவீங்களா?" என்றேன்.
"கரண்டு பில்லு ஒங்க யுனிவர்சிட்டி கட்டுமா?"
பூட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்:
"வாரம் ஒருக்கா ஓட்டித்தான் வைக்கணும்,
இல்லாட்டி இறுகிப்போகும். செவ்வாக்கெழமை வா."

செவ்வாய் காலை.
அம்மோனியா நெடியில் கண் எரிய
ஒலிவாங்கியை முந்தானையில் பொதிந்து பிடித்தேன்.
திரையில் ஒரே ஒரு கோடு நெடிதாக எழுந்தது:
நொடிக்கு இருநூறு.
ஐந்து கட்டைக்கு நாலு மேலே,
ஐந்தரைக்கு ஏழரை கீழே.
"ஏழரையா? அப்ப சரிதான்" என்று சிரித்தார் இபுறாம்சா.
மின்வெட்டில் ஜெனரேட்டர் போட்டுக் காட்டச் சொன்னேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறு.
கரண்டு இல்லாத நாட்களில் மட்டும்
நான் சுத்தமான ஐந்து கட்டை.

சுருதி மாதா என்பார்கள்.
என் மாதாவுக்கு மின்வாரிய இணைப்பு எண் இருக்கிறது.

அன்றிரவு எழுதவில்லை.
வெட்கமா என்று யோசித்தேன்; பாதி வெட்கம்தான்.
மிச்சப் பாதி என்னவென்று தெரியாததால்
அதையே மூன்றாம் இயலாக்கினேன்.
அடிக்குறிப்பு பதினேழு: தகவல் தந்தது,
ஐஸ் கம்பெனி, இரண்டாம் மோட்டார், மண்டபம்.
மேடம் சிவப்பில் வட்டமிட்டு,
"வயது?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஜூன் பதினைந்து. திருச்சி விடுதி.
ஐந்து நாளில் மேடை. பெட்டியின் திருகை
ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே நிறுத்தப் பார்த்தால்
ஒரு மயிரிழை கூடும், ஒரு மயிரிழை குறையும்.
விடியுமுன் அப்பாவின் போன்.
ஜெட்டியில் ஐஸ் ஏற்றுகிறார்களாம், காற்று தோதாம்,
டீசல் விலையை ஒருமுறை திட்டினார்.
அவர் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடி ஒலியைக் கடத்தாது;
முதல் பருவத்தில் படித்தது.
மேலே உள்ளவற்றைக் கேட்டு
கீழே இல்லாததைக் காது தானே இட்டுக்கொள்ளுமாம்.
"என்ன, பேச்சையே காணோம்?"
"பேசுங்கப்பா" என்றேன்,
திருகில் இருந்த விரலை எடுக்காமல்.
"நீங்க பேசிட்டே இருங்க."