இழுக்க முன்னம்

ஒன்பது பத்துக்குப் பரந்தனில் கறண்ட் போனது.
கராஜ் கதவு பாதி ஏறி நின்றுவிட்டது.

உள்ளே வான், டீசல் முட்ட.
விடியப்புறம் கட்டுநாயக்காவில் இறங்குகிறார்
வீட்டுக்காரர் அருந்தவராசா,
பிரம்டனிலிருந்து இந்தக் கதவைக்
கொன்டெயினரில் அனுப்பிய அதே ஆள்.
பின்னறையில் நான் வாடகைக்கு.
திறப்புக்கோர்வைக்கும் தண்ணி மோட்டருக்கும் பொறுப்பு நான்.
கதவைப்பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

குகேந்திரன் ஃபோன் வெளிச்சத்தில் அண்ணாந்தான்.
மோட்டர் தண்டிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு,
நுனியில் ஒரு பிடி.
"இதை இழுத்தால் மோட்டர் கழரும்,
பிறகு கையாலை தூக்கலாம். வீடியோவிலை பாத்தனான்."
கை மேலே போனது.

"பொறு!"

முகமாலையில் கத்துகிற குரல் அது,
வீட்டுக்குள் வந்திருக்கக் கூடாது.
அவன் அப்படியே நின்றான்.

பதினொரு வருஷம் கண்ணிவெடி எடுக்கிறேன்.
சிவப்பு என்றால் எனக்கு
தலையில் சாயம் பூசின தடி,
அதற்கு அங்கால் கால் படாத மண்.
கயிறு என்றால்
மற்ற முனையில் என்ன இருக்கு என்ற கேள்வி.
இழுக்கிறவனுக்கு அது கயிறு.
எனக்கு அது பாதியில் நிற்கிற ஒரு வசனம்.

"இந்தக் கதவு ஏன் விழாமல் நிக்குது?"
"மோட்டர் பிடிச்சிருக்கு."
"மோட்டர் மட்டுமோ?"

அவனுக்குத் தெரியாது. எனக்கும்தான்.
உள்சுவரோரம் ஏணி வைத்து
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினேன்.
கதவுக்கு மேலே குறுக்குத் தண்டு,
அதைச் சுற்றி ஸ்பிரிங்,
நெருக்கமாய்ச் சுருள் சுருளாய் வந்து
ஓரிடத்தில்
இரண்டு விரல் இடைவெளி.

அறுந்து எத்தனை நாளோ.
நூறு கிலோவுக்கு மேற்பட்ட கதவு
ஒரு சின்னப் பல்லுச் சக்கரத்தின்
பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
அதை விடுவிக்கத்தான் அந்தக் கயிறு.

குகேந்திரன் தன் கையைப் பார்த்தான்.
பிறகு கதவுக்கு நேர் கீழே
வயிற்றைக் காட்டிப் படுத்திருந்த பிஸ்கட்டை.
நாய் எழும்ப ஒரு முழுக் கருவாடு தேவைப்பட்டது.

மோட்டரின் பிளக்கைக் கழற்றினேன்,
கறண்ட் வந்து அது தன்பாட்டில் ஓடக் கூடாது.
இரண்டு பக்கத் தண்டவாளத்திலும்
சில்லுக்குக் கீழே இடுக்கி பூட்டினோம்,
அவன் ஒன்று, நான் ஒன்று, கையை வெளியில் வைத்து.
வாசலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை,
நடுவில் என் வேலைப் பையிலிருந்து நாடா.
சமையலறை வழியாக வெளியே வந்தோம்.

வான் உள்ளேயே கிடந்தது.
றெஜினாவின் தம்பி தன்னுடையதைக் கொண்டுவந்தான்,
மூவாயிரம் கூட.
அருந்தவராசா இரண்டு மணித்தியாலம்
பெட்டிகளுக்கு நடுவே நின்றாராம்.
"உள்ளுக்கு ஒரு வான் சும்மா நிக்க
வாடகைக்கு ஒரு வானோ?
சிவப்புக் கயிறை இழுத்தால் முடிஞ்சுது!"
ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
வந்ததும் கதிரையைத் தாண்டப் பார்த்தார்.
நான் விடவில்லை.
சொந்தக் கதவுக்கு வெளியே
சொந்தக்காரர் நின்று தேத்தண்ணி குடித்தார்.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து ஆள் வந்து
புது ஸ்பிரிங் போட்டான்.
கதவை நிலம் முட்ட இறக்கினான்.
"இப்ப இழுங்கோ அக்கா.
பூட்டிக் கிடக்கேக்கை இழுக்கிறதுதான் நல்லது.
மேலை நிக்கேக்கை இதைத் தொடாதையுங்கோ."

இழுத்தேன்.
ஒரு சின்ன 'டிக்'.
குனிந்து தூக்கினேன், அரிசி மூட்டைப் பாரம்கூட இல்லை.
இடுப்பு உயரத்தில் கையை எடுத்து
இரண்டடி பின்னால் வந்தேன், பழக்கதோஷம்.
கதவு நின்றது,
ஒருவரும் பிடிக்காமல்.

"இவ்வளவுதானோ?" என்றார் அருந்தவராசா.

"ஓம்," என்றேன்.
"இவ்வளவுதான்."