பன்னிரண்டு எழுத்து

அடையாள அட்டை அச்சடிக்கும் கணினிக்கு
ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துதான் கொள்ளும்.
லோகேஸ்வரி, ஒரு இடைவெளி, ஒரு டி, ஒரு சாய்கோடு.
அதோடு நிறுத்திக்கொண்டது.
அப்பா உள்ளே வரவில்லை.
ஜூரோங் தீவுச் சோதனைச்சாவடியில்
பதினோரு ஆண்டாக
யாரோ ஒருவரின் மகளாக நுழைகிறேன்.

பூன் லேயில் ஏறும் கம்பெனிப் பேருந்து.
கைப்பேசிக் கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர்.
மடியில் மீகோரெங் பொட்டலம், அதன்கீழ்
மாலை வகுப்பு நோட்டு, எண்ணெய்க் கறையோடு.
நாற்பத்து நான்கு வயதில் பைத்தான் படிக்கிறேன்.
பயிற்சிக்கென்று அரசாங்கம் போட்ட பணத்தில்
மிச்சம் இருநூற்றுப் பத்து வெள்ளி.
நான்கு இடைவெளி விடவேண்டிய இடத்தில் மூன்று விட்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிற மொழி அது.

பம்புகள் இப்போது எங்களிடம் சொல்வதில்லை,
நேராக மேலிடத்தில் சொல்லிவிடுகின்றன.
ஒவ்வொன்றின் தோளிலும் தீப்பெட்டியளவு கருவி;
நடுக்கமும் சூடும் பத்து நொடிக்கொரு தரம்
கடல் தாண்டி ராட்டர்டாமில் ஒரு திரைக்குப் போகின்றன.
அங்கே மரைக்கே என்றொருத்தி
மாலைக் காப்பியோடு எங்கள் நள்ளிரவைப் பார்க்கிறாள்.

பதினொன்று நாற்பதுக்கு அவள் செய்தி:
2107 ஏ நடுங்குகிறது.
பேரிங் ஆறு நாள் தாங்காது. நிறுத்துங்கள்.

கை வைத்துப் பார்த்தேன்.
சோறு தின்ற பூனைபோல் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது ஏ.
கருவிக்குப் பைத்தியம் என்றான் ஹஃபிசுதீன்.
எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை.
கைதான் பெரிது, கணினி சும்மா என்று
கேன்டீனில் ஒரு வாரம் பேசிச் சிரித்திருக்கலாம்.

ஆனால் கை பொய் சொல்லவில்லை,
எண்ணும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து
மூன்று வார நடுக்கத்தையும்
ஓடிய, நின்ற நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
பதினாறு வரி நிரல். ஒன்பது முறை பிழை.
பத்தாவது முறை தெரிந்தது:
செவ்வாய்க்கிழமை ஏ நான்கு மணி நேரம் நின்றிருக்கிறது.
நின்ற பம்ப் அந்த நான்கு மணி நேரமும்
நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுபடி ஓடினேன். இந்தத் தடவை பி.
அதன் மேல் கை வைத்ததும்
முழங்கைவரை ஏறியது.

மார்ச்சில் பெயின்ட் அடிக்கக் கழற்றியிருக்கிறார்கள்.
மாட்டும்போது இதை அதில், அதை இதில்.
ஐந்து மாதமாக பி-யின் காய்ச்சலுக்கு
ஏ-யின் பெயரில் சீட்டு.
சொன்னபடி ஏ-யை நிறுத்தியிருந்தால்
மொத்தச் சுமையும் பி-யின் தலையில்.
அதற்கு மேல் நினைக்கவில்லை, நேரமில்லை,
மாற்று பம்பை ஓட்ட வால்வு திறக்கவேண்டியிருந்தது.

மிஜானூர் மண்டியிட்டுக் கருவிகளை மாற்றி மாட்டினான்.
காண்ட்ராக்டர் பட்டியலில் அவனுக்குப் பெயரே கிடையாது,
வெறும் எண்.
முடித்ததும் மார்க்கரால்
ஏ, பி என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுதினான்.
விதிப்படி தப்பு. நான் அழிக்கச் சொல்லவில்லை.

மரைக்கே நன்றி அனுப்பினாள், ஒரு கட்டைவிரலோடு.

மாதக் கடைசியில் திறன் படிவம்.
தரவு ஆய்வு, நிலை இரண்டு: டிக்.
அதிர்வு அடிப்படை: டிக்.
அந்த ராத்திரி நான் செய்தது எதுவென்று
மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.
இது யாருடைய நடுக்கம் என்று கேட்பதற்கு
கட்டம் இல்லை.
மற்றவை என்பதைத் தொட்டேன், திறக்கவில்லை.

வியாழன் வகுப்பில் வீட்டுப்பாடம்:
நடுக்கத்தின் எல்லைக்கு ஒரு பெயர் வைத்து எழுதுக.
பெயர் எவ்வளவு நீளமும் இருக்கலாம் என்றார் மிஸ் கோ,
எந்த மொழியிலும் இருக்கலாம், பெரும்பாலும்.

பேருந்தில் உட்கார்ந்து தட்டினேன்.
வைரக்கண்ணு = 7.1

ஓடியது.
பிழை எதுவும் காட்டவில்லை.