மேசைக்கு மட்டும் ஒரு பெயர்

நாற்பது நிமிடமாகும் என்றாள் வாசலில் நின்றவள்.
பெயர் கேட்டாள்.
'சூ' என்றேன்.
சுலோஜனாவின் மிச்சம் வீட்டிலேயே இருக்கட்டும்,
மேசைக்கு இவ்வளவு போதும்.

கறுப்பாய் ஒரு சில்லைத் தந்தாள்.
இடம் கிடைத்தால் அது அதிருமாம், சிவப்பாய் மினுங்குமாம்.
நோர்த்கோட்டில் வெள்ளி இரவு, புரட்டாதி மழை.
எண்பத்தாறாம் இலக்க டிராம் ஒன்று போனது.
இன்னொன்றும் போனது.
'காசு குடுத்துப் பசி வாங்க நிக்கிறம்' என்றேன்.
அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இப்போதெல்லாம் அப்படித்தான்.

உள்ளே,
முன்பு வங்கியாக இருந்த கட்டிடம்.
பெட்டகக் கதவைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள்,
அதற்குள் பியர்ப் பீப்பாய்கள்.
சொன்ன சொல்லெல்லாம் கூரையில் போய் முட்டி
வேறு யாருடையதாகவோ கீழே விழுகிறது.
ஒரு பிறந்தநாள் கூட்டம்.
தொலைக்காட்சிக் கால்பந்துக்குத் தொண்டை கிழிக்கும் இன்னொரு கூட்டம்.
குசினியில் தட்டு உடைந்ததற்குக்கூடக் கைதட்டல்.

எங்களுக்கு வாய்த்தது கழிப்பறை வழியில், ஆடுகிற மேசை.
அவர் உணவுப் பட்டியலை மடித்துக் காலுக்கு அண்டை கொடுத்தார்.
பிறகு ஞாபகத்தில் இருந்ததைக் கேட்டோம்:
எனக்குக் கோழிப் பார்மா,
அவருக்குப் பதினெட்டு மணிநேரம் வெந்த ஆட்டுத்தோள்.
அந்த ஆட்டுக்கு எங்களைவிடப் பொறுமை.

வழக்கம்போல அவர் இடப்பக்கம் நான்.
கதைத்தேன்.
வீட்டுக் கடன் வட்டி. கூரைப் பீலி ஒழுக்கு.
ஆரபியின் பல்லுக் கம்பிக்கு எட்டாயிரம் டொலர் என்றேன்,
சிரித்தார்.
சிரிக்கிற விஷயமா அது?

பிறகு அவர் ஏதோ சொன்னார்.
'என்ன?'
திரும்பவும் சொன்னார்.
'கேக்கேல்லை!' என்று கத்தினேன்.
அதைத்தானே என்பதுபோல்
இரண்டு கையையும் விரித்தார்.

பக்கத்து மேசையில் இருவர்.
கட்டையாய் வெட்டிய நரை முடி அவளுக்கு,
அவனுக்குக் கட்டம் போட்ட சட்டை.
வாய் அசையவில்லை. விரல்கள்தான்,
கொக்கியாய், கத்தரியாய்,
எதையோ பறக்கவிட்டு எட்டிப் பிடிப்பதாய்.
வாய் நிறையச் சாப்பாட்டோடு
மரியாதை கெடாமல் பேசுகிறாள் அவள்.
அந்த இரைச்சலில் ஒரு வாக்கியத்தை
முழுதாய் முடித்தவர்கள் அவர்கள் மட்டும்.

அவரும் பார்த்தார், அதிக நேரம்.
பிறகு பணிப்பெண்ணின் காதில் செருகியிருந்த பேனையைக் கேட்டு வாங்கி
பியர் அட்டையைத் திருப்பி எழுதினார்,
கிளாஸ் வைத்த ஈரவட்டத்தில் மை ஊற ஊற:

இடது காது கேக்கேல்லை.
மாசியில இருந்து.

விரல்விட்டு எண்ணினேன்.
அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பதில் வராத நாட்கள்.
இந்த நாட்டுக் காரில்
ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம்தானே மனைவி.
எத்தனை சண்டையை நான்
தனியாகவே போட்டு, தனியாகவே வென்றிருக்கிறேன்.

ஆடு வந்தது. தட்டுக்கு வெளியே வழிந்தபடி பார்மா வந்தது.
நான் எழுந்து கதிரையைத் தூக்கினேன்.
பிறந்தநாள் கூட்டத்தில் ஒருவன் காலை ஒடுக்கினான்,
ஒருத்தி கைப்பையை மடிக்கு எடுத்தாள்,
சொறி, சொறி என்று சுற்றிப் போய்
அவர் வலப்பக்கத்தில் குந்தினேன்.
இடித்ததில் மேசை திரும்ப ஆடத் தொடங்கியது.

அவ்வளவு கிட்டத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
'உப்புக் கூட' என்றேன்.
'ஓம்' என்றார்.
கொஞ்சம் மென்றார்.
'பல்லுக்கு எவ்வளவு எண்டு சொன்னனீர்?'