சம்பளமில்லாத மூன்று நாள்

தினமும் அறுநூறு பெட்டி மூடுகிறேன்.
ஷூவுக்கு மேல் டிஷ்யூ தாள்,
தாளுக்கு மேல் அந்த வழவழப்பு அட்டை:
சூரியகாந்தி வயல் நடுவே
சைக்கிளில் ஓர் ஆணும் பெண்ணும்,
கல்பாலம், தூரத்தில் ஊசிக்கோபுரம்,
யாருக்கும் வியர்க்காத ஒரு வெயில்.
பிரான்சில் ஏதோ ஊராம்.
பெயரை தில்ஷாத் ஒரு மாதிரி வாசிப்பாள்,
நான் ஒரு மாதிரி.
திருத்த ஆளில்லை.

மார்ச்சில் எங்கள் கன்டெய்னர்
எந்தக் கடலிலோ மாட்டிக்கொள்ள
ஆம்பூரில் பெல்ட் நின்றது.
மூன்று நாள் லீவு, சம்பளம் கிடையாது.
"அப்ப நாமளும் போலாமா?" என்றாள்
அட்டையால் விசிறிக்கொண்டே.

அவளுக்கு அண்ணனின் சைக்கிள்.
எனக்கு, தங்கை பதினொன்றாம் வகுப்பில் வாங்கியது,
கூடையில் அரசாங்க முத்திரையோடு.
காலில், நானே கழித்துப்போட்ட ஜோடி.
இடதில் ஒரு தையல் பிசகு;
கப்பல் ஏறத் தகுதியில்லை,
முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

மாதனூர் வரைக்கும் லாரிகள்
எங்களை ஓரத்து மண்ணிலேயே ஓட்டின.
ஒடுகத்தூர் ரோட்டில் திரும்பியதும்
காதுக்குள் ஒரு கதவு சாத்திய மாதிரி.
தென்னை. நிலக்கடலை. முள்ளுக்கத்திரிப் பாத்திக்குள்
குனிந்த முதுகுகள்.
ஒரு முதுகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.

குருவராஜபாளையத்து டீக்கடையில்,
"யார் வீட்டுக்கும்மா?"
ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்,
"எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"
பஞ்சர் ஒட்டிய பையன் மட்டும் குரலைத் தாழ்த்தி,
"யாராவது செத்துட்டாங்களா அக்கா?"
தில்ஷாத் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள்:
சித்தி வீடு, நேர்ச்சை, நிலம் பார்க்க.
பொய்யை மிதித்தே பத்து கிலோமீட்டர் போனோம்.

அட்டையில் மதியச் சாப்பாட்டுக்கு
ஓர் ஆறும் ஒயின் பாட்டிலும் உண்டு.
எங்களுக்கு உத்திரகாவேரியின் மணல்,
பாலத்து நிழல்,
பிரியாணிப் பொட்டலம், கத்திரிக்காய்த் தொக்கு,
எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த
இரண்டு நாய்கள்.
இரவு மகளிர் குழுக் கட்டிடத்தில் படுத்தோம்.
வாடகை ஐம்பது. கொசு இலவசம்.

மறுநாள் அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு
பிஞ்சமந்தை மலைக்கு நடை.
நாலாவது வளைவில் உண்ணாமலை.
எங்கள் வயதுதான்,
தலையில் இருபது கிலோ ரேஷன் அரிசி.
"எதுக்கு நடக்கறீங்க?"
தில்ஷாத்துக்கு மூச்சு வாங்கியது, பொய் வரவில்லை.
நான் சொன்னேன்:
"சும்மா."

மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.
சிரிக்கக்கூட இறக்கிவைக்க வேண்டியிருந்தது.
"சும்மான்னா படுத்துக்கலாமே!"
ஜீப்புக்கு அறுபது ரூபாய் கேட்கிறான்,
அதனால் அவள் நடக்கிறாள்.
எனக்கு ஷூவை மறைக்கத் தோன்றியது.
எங்கே மறைப்பது?

யார் முதலில் கேட்டோம், நினைவில்லை.
மூட்டை தில்ஷாத் தலைக்கு ஒரு வளைவு,
என் தலைக்கு ஒரு வளைவு வந்தது.
கழுத்து உள்ளே போய்விடும்போல் இருந்தது.
முன்னால் உண்ணாமலை
கையை வீசி நடந்தாள்.
ஒரு மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள்,
அங்கே பழமோ தேனடையோ எதுவும் இல்லை.
ஹவாய் செருப்பைக் கழற்றி விரலில் மாட்டிச் சுழற்றினாள்.
"இப்ப நான்தான் சும்மா நடக்கறேன்" என்றாள்
திரும்பாமலே.

அடுத்த வளைவில் அவளே
கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
ஊர் கண்ணுக்குத் தெரியும் இடம் அது.

பிசகிய தையல் கடைசிவரை பிரியவில்லை.
குதிகால்தான் பிரிந்தது, இரண்டும்.

நாலாம் நாள் பெல்ட் ஓடியது.
தாள், அட்டை, மூடி. தாள், அட்டை, மூடி.
"லீவுல எங்கே போனீங்க?" சூப்பர்வைசர் கேட்டார்.
தில்ஷாத் என்னைப் பார்த்தாள்.
மாமியார் வீட்டுக்கு, சார், என்றேன்.